ஒரு சங்கு கருப்பட்டித் தண்ணீர்

சட்டையைக் கழற்றச் சொன்னதும் சிவனணைந்தபெருமாள் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்துபோட்டு நின்றது. வேப்பமரத்தடியில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுனைவிளையில் மளிகைக் கடை வைத்து நரைத்துப்போன மனிதர் அவர். வீட்டுக்குள்கூட மேல்துண்டு இல்லாமல் நடமாடிப் பழக்கமில்லை.

“யோசிக்காதீங்க அண்ணாச்சி,” என்றாள் வண்டியோடு வந்திருந்த மருத்துவ உதவியாளர் அருணாசலவடிவு. “பச்சப்புள்ளைய சூடா வச்சிருக்க பெட்டியுள்ள வண்டி ஸ்ரீவைகுண்டம் பக்கம் போயிருக்கு. அது வார வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தா புள்ள குளுந்து போயிரும். தூத்துக்குடி வரைக்கும் உங்க நெஞ்சுதான் பெட்டி.”

அவர் சட்டையைக் கழற்றினார். வடிவு குழந்தையைக் கொண்டுவந்து, தவளைக்குஞ்சைப் போலக் கைகால்களை மடக்கி அவர் மார்பில் ஒட்டவைத்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, மேலே துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். தலைக்கு ஒரு கம்பளிக் குல்லா. மூக்கில் பிராணவாயுக் குழாய். பாதத்தில் சிவப்பு வெளிச்சம் எரியும் ஒரு சிறு பட்டை, அதன் கம்பி நாடியையும் மூச்சையும் காட்டும் கருவிக்குப் போனது. அவருடைய கை தராசில் பழகிய கை. குழந்தையின் கனத்தை அது தானாகவே நிறுத்துப் பார்த்தது. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான்.

அவருடைய தங்கை செல்வலட்சுமியின் மகள் பேச்சிச்செல்வி அன்று காலையில்தான் அங்கே பெற்றிருந்தாள். மாதம் நிறையாமல் பிறந்த ஆண் குழந்தை. பிறந்ததிலிருந்தே மூச்சுவிடச் சிரமப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். செல்விக்கு உதிரப்போக்கு இன்னும் கட்டுப்படவில்லை, சாயங்காலம் வரை அவளை அசைக்க முடியாது என்றார் டாக்டரம்மா. அவளுக்குத் துணையாகத் தாய் இருந்தாக வேண்டும். புருஷன் ஷாம் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை செய்கிறவன், முத்தையாபுரத்தில் குடியிருக்கிறான். அவன் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். ஆகவே குழந்தையோடு போக மிஞ்சியது தாய்மாமன்தான்.

வண்டி புறப்பட்டது. தேரிக்காட்டின் செம்மணலும் பனைகளும் சன்னலில் பின்னால் போயின. குழந்தை ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு சின்ன முனகலை விட்டது. விலாவுக்குக் கீழே சதை உள்ளே போய் வெளியே வருவதை அவர் தன் தோலாலேயே அறிந்துகொண்டிருந்தார்.

ஊரில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பெருமாள் அண்ணாச்சி கடையில் எடையும் குறையாது, வாயும் திறக்காது என்பார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். கேட்டதற்கு ஒரு சொல், கேட்காததற்கு ஒன்றுமில்லை. பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால்தான் ஊரில் பிறக்கிற பிள்ளைகளுக்குச் சேனை வைக்க அவரைக் கூப்பிட்டார்கள். முதன்முதலாகப் பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அவர் சேனை வைத்தவர்களில் ஒருத்தி தாசில்தார் ஆபீசில் இருக்கிறாள். ஒருவன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். அதற்கும் ஊரார் ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள்: வைத்த விரலில் குறையில்லை, வாங்கின நாக்கில்தான் குறை.

“அண்ணாச்சி, உங்க ஊர்ல எல்லா புள்ளைக்கும் நீங்கதான் சேனை வைக்கியளாமே?” என்று முன்னாலிருந்து கேட்டார் டிரைவர் ஆறுமுகநயினார். “வெளியே அந்தப் பொம்பளைக பேசிக்கிட்டாக. எனக்கு வச்சது எங்க சித்தப்பா. மனுசன் ஒரு நாள் ஒரு எடத்துல உக்காந்ததில்ல. பாருங்க, நானும் உருண்டுக்கிட்டே கெடக்கேன்.”

“அப்ப உங்க வாய்க்கு யாரு வச்சது நயினாரண்ணே? அதுவும் நிக்க மாட்டேங்கு,” என்றாள் வடிவு.

“அது எங்க அத்தை. ரெண்டு பேரும் போட்டி போட்டுல்லா வச்சிருக்காக.”

வடிவு சிரித்துவிட்டு, சிரிப்பு முகத்திலிருந்து போவதற்குள்ளாகவே அவர் பக்கம் திரும்பினாள். “இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் வைக்கலையே அண்ணாச்சி? டாக்டரம்மா சொன்னாகள்லா, சொட்டுத் தண்ணி ஆகாதுன்னு. இப்படி மூச்சு வாங்குத புள்ளைக்கு விழுங்கத் தெரியாது. புரை ஏறிரும்.”

“இல்லை,” என்றார்.

கடையில் ஒரு சாமான் தீர்ந்துபோனால் சொல்வதைப் போல அந்தச் சொல் வந்துவிட்டது. அவள் தலையாட்டிவிட்டுக் குழந்தையின் பாதத்துப் பட்டையைச் சரிசெய்தாள். அவ்வளவு எளிதாக இருந்தது.

டாக்டரம்மா சொன்னதை அவர் கேட்டிருந்தார். தாய்ப்பால்கூட இப்போது வேண்டாம் என்று சொன்னதையும் கேட்டிருந்தார். ஆனால் டாக்டரம்மாவும் நர்சும் ஆம்புலன்சுக்குப் போன் பேச அந்தப் பக்கம் போனபோது செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருந்த கை அது, சில்லிட்டிருந்தது. “மாமா, சும்மா தொட்டு மட்டும் வைங்க. இவனும் நாக்கு நனையாமப் போயிரக் கூடாது.”

அந்த ‘இவனும்’தான் அவரை அசைத்தது. அவளுக்கு முதலில் பிறந்த பெண் குழந்தை ஒரு நாள் தங்கிவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை, சேனை வைக்கவில்லை. நாக்கு நனையாமல் போன பிள்ளை என்று அவள் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, செல்வியே ஏதோ தண்ணீர் கொடுக்க மறந்துவிட்ட மாதிரி ஆகியிருந்தது. “வேண்டாம் தாயி,” என்று அவர் சொல்லத்தான் செய்தார். அவள் கையை விடவில்லை. செல்வலட்சுமி பைக்குள்ளிருந்து கருப்பட்டித் தண்ணீர் இருந்த மூடிபோட்ட டம்ளரையும், பால் புகட்டுகிற வெள்ளிச் சங்கையும் எடுத்து நீட்டினாள். அவர் விரலால் தொட்டு வைத்தார்.

தொட்டுத்தானே வைத்தேன் என்று இப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு சொட்டு. ஒரு சொட்டு என்ன செய்துவிடும்?

திருச்செந்தூரைத் தாண்டினார்கள். ஆறுமுகநேரியில் ஒரு கல்யாண ஊர்வலம் வழிவிட்டு ஒதுங்கியது. ஆத்தூருக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில், அவருடைய காறை எலும்புக்குக் கீழே இருந்த அந்தச் சூடு நின்றது. குழந்தையின் மூச்சு படுகிற இடம் அது. வெறும் தோலாகிவிட்டது.

அவர் வாயைத் திறப்பதற்குள் கருவி கத்தியது. வடிவு துண்டுக்குள் கையை விட்டுக் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். மூச்சு ஒரு விக்கலோடு திரும்பியது.

“மாசம் தெகையாத புள்ளைக சில நேரம் மூச்சு விட மறந்துரும்,” என்றாள். அவருக்குத் தைரியம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் கண்ணைக் கருவியிலிருந்து எடுக்கவில்லை.

ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறி இறங்கியது. தாமிரபரணியில் தண்ணீர் ஒரு கரையோரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. பாலம் முடிந்ததும் மறுபடியும் மூச்சு நின்றது. இந்தத் தடவை சுண்டியதற்கு உடனே எழவில்லை. உதட்டைச் சுற்றி நாவல்பழம் தின்ற மாதிரி நிறம் ஏறியிருந்தது. மூச்சு திரும்பியபோது முனகல் முன்னைவிட மெலிந்திருந்தது. வடிவு 108 கால் சென்டரில் இருக்கும் டாக்டரைப் போனில் பிடித்து, குழந்தையின் நிலையை மளமளவென்று சொன்னாள். டாக்டர் கேட்டதற்குப் பதிலும் சொன்னாள்.

“இல்ல சார், ஒண்ணும் குடுக்கல. கேட்டுட்டேன். வெறும் வயிறுதான்.”

சிவனணைந்தபெருமாளுக்கு அது காதில் விழுந்தது. தன் சொல் அவள் வாய் வழியாகப் போய், கண்காணாத இடத்தில் இருக்கும் ஒரு டாக்டரின் காதில் நுழைந்து, அங்கே வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது.

“எதுக்களிச்சிருக்குமோன்னு டாக்டர் சந்தேகப்படுதாரு,” என்றாள் வடிவு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே. “வெறும் வயித்துல எதுக்களிக்க என்ன இருக்கு? வேற என்னமோ.”

பழையகாயல் தாண்டி உப்பளங்கள் வந்துவிட்டன. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. சிவனணைந்தபெருமாள் பேசாமலிருந்தார். வாழ்நாள் முழுக்க அவரைக் காப்பாற்றி வந்தது அந்த மௌனம்தான். பேசாதவனிடம் பொய் இருக்காது என்று ஊர் நம்பியது, அவரும் நம்பிவிட்டார். உள்ளே என்ன கிடந்தாலும் மூடி வைத்திருந்தால் அது நல்ல சரக்குதான் என்று நினைத்துக்கொள்கிற ஊர். இப்போது வாய் திறந்தால் செல்வியின் பெயர் வரும். பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், முதல் பிள்ளையை நாக்கு நனைக்காமல் கொன்றவள், இரண்டாவதை நனைத்துக் கொன்றவள் என்று ஆகும். அவளுக்காகத்தான் பேசாமலிருக்கிறேன் என்று நினைத்தார். அந்த நினைப்பில் ஒரு பகுதி உண்மை. மீதி வெறும் பயம் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

மார்பில் சூடு மூன்றாவது முறையாக நின்றது.

“தாயி,” என்றார். “நான் குடுத்தேன். கருப்பட்டித் தண்ணி. சேனை வச்சேன்.”

வடிவு ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. “நயினாரண்ணே, ஓரங்கட்டுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

வண்டி உப்பளத்தோரம் நின்றது. அவள் துண்டை அவிழ்த்துக் குழந்தையை எடுத்துப் படுக்கையில் கிடத்தி, மெல்லிய குழாயை வாய்க்குள் விட்டு உறிஞ்சினாள். குழாய்க்குள் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஏறியது. மருந்து வாசனையை மீறிக்கொண்டு கருப்பட்டி வாசம் வண்டிக்குள் பரவியது. பிறகு மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு சிறு மூடியால் மூடி, அதோடு இணைந்த பையை விரல் நுனிகளால் அமுக்கி அமுக்கி மூச்சைக் கொடுத்தாள். உள்ளங்கை அகல மார்பு எழும்பித் தாழ்ந்தது. ஆறுமுகநயினார் இறங்கி வந்து பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெஞ்சின் மேல் வைத்திருந்த போனிலிருந்து டாக்டரின் குரல் கேட்டது. “எவ்வளவு குடுத்திருக்காங்க? கேளும்மா.”

“எவ்வளவு அண்ணாச்சி?”

“ஒரு சொட்டு.”

வடிவின் விரல்கள் பையை அமுக்கிக்கொண்டே இருந்தன. கண் மட்டும் உறிஞ்சிய தண்ணீர் சேரும் புட்டிக்குப் போய் அவரிடம் திரும்பியது. புட்டியின் அடியில் பழுப்புத் தண்ணீர் நிற்பது அவருக்கும் தெரிந்தது. அது ஒரு சொட்டு இல்லை.

“அண்ணாச்சி,” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. “உள்ள இன்னும் எவ்வளவு கெடக்குன்னு தெரிஞ்சாத்தான் எடுக்கணுமா, அப்படியே ஓடணுமான்னு டாக்டர் சொல்லுவாரு. சரியாச் சொல்லுங்க.”

தொட்டு வைத்தபோது குழந்தை அவருடைய விரலைச் சப்பியது. அதுதான் நடந்தது. அதற்கு முன் எத்தனையோ நாக்குகளில் தொட்டு வைத்திருக்கிறார், எந்தப் பிள்ளையும் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. அவ்வளவு சிறிய வாய்க்கு அவ்வளவு பிடி. பிள்ளை இல்லாமலே போய்ச்சேர்ந்தவள் அவர் மனைவி. அந்த நேரத்தில் அவருக்குச் செல்வியும் தெரியவில்லை, டாக்டரம்மா சொன்னதும் தெரியவில்லை. சங்கில் ஊற்றினார். வாயோரத்தில் வைத்துச் சாய்த்தார். பிள்ளை குடிக்கிறது, குடிக்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. “போதும்ணே,” என்று செல்வலட்சுமி சொன்னது தூரத்தில் யாரோ சொன்னது போலிருந்தது. செல்வி தொடத்தான் சொன்னாள். மற்றதெல்லாம் அவருடைய சந்தோஷம்.

“ஒரு சங்கு,” என்றார். “முழுச் சங்கு. நான்தான் ஊத்தினேன்.”

டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, வடிவு இன்னொரு மெல்லிய குழாயை வாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாக இழுத்தாள். பழுப்புத் தண்ணீர் சிரிஞ்சில் ஏறியது. குழந்தையின் கை ஒன்று அசைந்தது. பிறகு அழுகை என்று சொல்ல முடியாத, கிழிந்த துணியின் சத்தம் போல ஒரு சத்தம் வந்தது. ஆறுமுகநயினார் கதவைச் சாத்திவிட்டு ஓடிப்போய் வண்டியை எடுத்தார்.

வடிவு குழந்தையை மறுபடியும் அவர் மார்பில் வைத்துக் கட்டினாள். கட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “அசையாம இருங்க,” என்றாள். முத்தையாபுரத்தில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. ஆறுமுகநயினார் ஹாரனை அமுக்கிக்கொண்டே, ஏலே ஒதுங்குல, ஒதுங்குல என்று கண்ணாடிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே போனார். சிவனணைந்தபெருமாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சு குழந்தையின் மூச்சை மறைத்துவிடாமல் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஷாம் நின்றிருந்தான். துறைமுகத்து மஞ்சள் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். வடிவு அவர் மார்பிலிருந்து குழந்தையை அவிழ்த்தெடுத்து உள்ளே ஓடினாள். பச்சைக்குழந்தைகள் வார்டின் கதவருகில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்: “வாய்ல என்ன குடுத்தீங்க? யார் குடுத்தது?”

“கருப்பட்டித் தண்ணி. நான் குடுத்தேன்,” என்றார் சிவனணைந்தபெருமாள். “ஒரு சங்கு.”

டாக்டர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. ஷாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லலையா மாமா?”

“சொன்னாங்க.”

“பொறவு?”

அவர் மூடிய கதவைப் பார்த்தார்.

“யாரு வைக்கச் சொன்னா? செல்வியா? அவதான, அவளுக்குத்தான் அந்தக் கிறுக்கு.”

“அவ சொல்லல,” என்றார். “நானா வச்சேன்.”

ஷாமின் முகம் இறுகியது. “உம்மள மாதிரி வரணும்னுதான ஊர்ல எல்லாரும் உம்ம கையத் தேடுதாக? இப்பப் பாரும். எம் புள்ளைக்கு மூச்சு விடக்கூட முடியல.”

அவர் வராந்தாவின் கோடியில் சுவரோரமாகப் போய் நின்றார். ஷாம் பெஞ்சில் உட்கார்ந்து கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒருமுறை டாக்டர் வெளியே வந்து, மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறோம், நெஞ்சில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இப்போதைக்குத் தாங்குகிறான், இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். வடிவு போகும்போது சிவனணைந்தபெருமாள் அருகில் கொஞ்சம் நின்றாள். அவருடைய சட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த அழைப்பு வந்திருந்தது.

சாயங்காலம் இன்னொரு வண்டியில் செல்வியைக் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். பின்னால் செல்வலட்சுமி பையை அணைத்துக்கொண்டு வந்தாள். ஷாம் எழுந்தான்.

“உங்க மாமா செஞ்ச வேலை தெரியுமா? டாக்டர் சொன்னதையும் கேளாம புள்ளைக்குச் சங்கு நெறையக் கருப்பட்டித் தண்ணி. தானா வச்சாராம். பாதி வழியில உசுரு போய்ப் போய் வந்திருக்கு.”

செல்வி மாமாவைப் பார்த்தாள். அவர் இலேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம் என்கிற அசைவு. அவள் அதைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

“நான்தான் வைக்கச் சொன்னேன்,” என்றாள்.

“ஏளா, சும்மா இரு.”

“நீங்க சும்மா இருங்க மாமா.” அவள் ஷாமை நேராகப் பார்த்தாள். “அவுக மாட்டேன்னுதான் சொன்னாக. நான்தான் கையப் புடிச்சுக்கிட்டு விடல. ஒங்க அம்மா சொல்லுத சொல்லு இன்னொரு தடவ கேக்க என்னால ஆகாது. அதான். திட்டணும்னா என்னைய திட்டுங்க.”

வராந்தாவில் யாரோ இருமினார்கள். அவள் தனக்காக ஒளித்து வைக்கப்பட்டதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள். இனி அவர் பங்கு மட்டும் உள்ளே கிடந்தது.

“தொடச் சொன்னது அவ,” என்றார் சிவனணைந்தபெருமாள். “ஊட்டினது நான். அதைச் செய்ய அவ சொல்லல. புள்ள விரலைச் சப்பிச்சு. எனக்கு நிறுத்த மனசு வரல. தங்கச்சி போதும்னு சொன்னது காதுல விழுந்துச்சு. வழியில ஆம்புலன்ஸ்ல வந்த பொண்ணு கேட்டப்ப இல்லன்னுட்டேன். அதுல கொஞ்ச நேரம் போயிட்டு.”

வாழ்க்கையில் அவர் சேர்ந்தாற்போல் இத்தனை சொற்கள் பேசிச் செல்வி கேட்டதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷாம் சக்கர நாற்காலியின் பின்னால் போய்ப் பிடியைப் பற்றி, வார்டுக் கதவை நோக்கி மெதுவாகத் தள்ளினான். கதவருகில் நின்று குனிந்து அவள் காதருகே சொன்னான்: “மூச்சு விடுதான் செல்வி. கொழாயெல்லாம் வச்சிருக்காங்க. பாத்துப் பயந்துராத.”

கதவு திறந்து மூடியது. செல்வலட்சுமி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவனணைந்தபெருமாள் அங்கேயே நின்றார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.